பெரிய விறகுக் குத்தியைச் செயின் சோவால் நார்வாக்கில் அறுக்கும்போது வரும் கோளாறுகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்ய

திருகோணமலை உப்புவெளியில் ஒரு வளவுக்குள் பழைய வேம்பு ஒன்றைத் தறித்து, ஒன்றரை அடி நீளக் குத்திகளாகத் துண்டு போட்டு வைத்திருந்தார்கள். விட்டம் இரண்டரை அடிக்குக் குறையாது. வீட்டுக்காரர் ஒரு கிழமையாகக் கோடாலியோடு மல்லுக்கட்டியிருக்கிறார். நான் போய்ப் பார்த்தபோது ஒரு குத்தியின் முகத்தில் பத்துப் பன்னிரண்டு வெட்டுத் தடம் இருந்தது, வெடிப்பு ஒன்றுகூட இல்லை. இரும்பு ஆப்பு ஒன்று பாதி இறங்கி, போகவும் மாட்டேன் வரவும் மாட்டேன் என்று இறுகி நின்றது.

வேம்பு, புளி, முதிரை எல்லாம் இப்படித்தான். நார் நேராக ஓடாது. ஒரு படை இந்தப் பக்கம் சாய்ந்தால் அடுத்த படை அந்தப் பக்கம் சாய்ந்து, பின்னிக்கொண்டே வளரும். கோடாலி ஒரு படையைப் பிளந்தாலும் அடுத்தது பிடித்துக்கொள்ளும். கவர் பிரிந்த இடமாக இருந்தால் சொல்லவே வேண்டாம். இந்த மாதிரிக் குத்தியைச் செயின் சோவால், அதாவது எஞ்சினில் ஓடும் சங்கிலி வாளால், நார்வாக்கில் இரண்டாக, நாலாக அறுத்துப் போட்டால் மிச்சத்தைக் கோடாலி பார்த்துக்கொள்ளும்.

2022இல் காஸ் கிடைக்காமல் ஊரே விறகடுப்புக்குத் திரும்பிய மாதங்களில் எனக்கு இதே வேலைதான். "மெஷின் பழுது" என்று அப்போது என்னிடம் கொண்டுவந்தவற்றில் பலதுக்குப் பழுதே இல்லை. குத்தியைப் போட்ட விதம் பிழை, இல்லாவிட்டால் சீவல் வெளியே போக வழியில்லை. ஆகவே திருப்புளியைக் கையில் எடுக்கமுன் குனிந்து, வாளுக்குக் கீழே என்ன விழுந்து கிடக்கிறது என்று பாருங்கள். கீழே நான் எழுதியிருக்கும் ஒழுங்கும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

சுருள் வரவில்லை, அரிசிமா மாதிரித் தூள்தான் வருகிறது

முதலில் குத்தி எப்படிக் கிடக்கிறது என்று பாருங்கள். பலர் அதை நிமிர்த்தி நிற்கவைத்து, கோடாலி போடுவதுபோலவே மேல்முகத்தில் வாளை வைத்து இறக்குகிறார்கள். அப்படி வைத்தால் பல் ஒவ்வொன்றும் நாரின் நுனியை நேருக்கு நேர் சுரண்டும். தூள் வரும், வேலை நகராது, எஞ்சின் கொதிக்கும்.

குத்தியைப் படுக்கப் போடுங்கள், பீப்பாவைப் படுக்கப் போடுகிற மாதிரி. பட்டைதான் மேலே இருக்க வேண்டும். பாரை (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) குத்தியின் நீளத்துக்கு ஒத்து, கிடையாகப் பிடித்து மேலிருந்து இறக்குங்கள். இப்போது செயின் நாரோடு சேர்ந்து ஓடுகிறது. சீவுளி போட்டதுபோல விரல் நீளம், சாண் நீளம் என்று சுருள் சுருளாக வரும். பார்க்க இடியப்பம் மாதிரி இருக்கும். நாங்கள் அதைத் தும்பு என்போம்.

இதில் இன்னொரு வசதியும் உண்டு. பார் மூட வேண்டியது குத்தியின் நீளத்தைத்தான், விட்டத்தை அல்ல. மெஷினின் உடம்பு குத்தியின் வெட்டுமுகத்துக்கு வெளியே நின்று, பாரோடு சேர்ந்து கீழே இறங்கிக்கொண்டே போகும். ஒன்றரை அடிக் குத்தி என்றால் 20 அங்குலப் பார் போதும், மரம் மூன்றடி அகலமாக இருந்தாலும். மெஷின் சின்னது என்று பயப்படுகிறவர்கள் இதைத்தான் கவனிக்காமல் விடுகிறார்கள். குத்தி பாரைவிட நீளமாக இருந்தால் பாரின் மூக்கு மரத்துக்குள் புதையும். மூக்கின் மேல்பாதி எதிலாவது முட்டினால் வாள் முகத்தை நோக்கி எகிறும். அந்த நீளக் குத்தியை முதலில் குறுக்கே ஒருதரம் வெட்டிக் குட்டையாக்குவது நல்லது.

சரி, படுக்கப் போட்டும் தூள்தான் என்றால் பல் மழுங்கிவிட்டது. ஒரு பல்லை வெயிலில் திருப்பிப் பாருங்கள். வெட்டும் விளிம்பில் மெல்லிய வெள்ளைக் கோடு மினுங்கினால் அது மழுங்கல். கூரான விளிம்பில் வெளிச்சம் தங்காது, கோடே தெரியாது.

திருகோணமலையில் பல் மழுங்குவதற்குப் பெரும்பாலும் மணல்தான் காரணம். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி புயல் குச்சவெளிக்கும் திரியாய்க்கும் இடையில் கரையேறிப் போன பிறகு விழுந்த மரங்களை மணல் தரையில் இழுத்துத்தான் கொண்டுவந்தோம். பட்டை வெடிப்பு முழுக்க மணல் அடைந்திருந்தது. காலையில் அரம் போட்ட செயின் மூன்றாவது குத்தியில் செத்தது. அதற்குப் பிறகு நான் அறுக்கப்போகும் கோட்டில் நாலு விரல் அகலத்துக்குப் பட்டையைக் கோடாலியால் சீவி எறிந்துவிட்டுத்தான் வாளை வைப்பேன். இரண்டு நிமிட வேலை, செயினுக்கு ஒரு நாள் ஆயுசு.

அரம் போடும்போது 0.325 அங்குலச் செயினுக்கு (இது செயின் கண்ணிகளின் இடைவெளி அளவு) 4.8 மில்லிமீற்றர் வட்ட அரம், சின்ன மெஷினில் வரும் உயரம் குறைந்த 3/8 அங்குலச் செயினுக்கு 4 மில்லிமீற்றர். பெரிய 3/8க்குச் சில கம்பனிகள் 5.2 என்கின்றன, சில 5.5 என்கின்றன. செயின் பெட்டியில் போட்டிருப்பதை நம்புங்கள். சாய்வு வழக்கமான 30 பாகையே போதும். பலகை அறுக்கிறவர்கள் வைக்கும் 10 பாகைச் செயினை இதற்காக வாங்கத் தேவையில்லை. விறகுக்கு வழவழப்பு எதற்கு?

தும்பு அருமையாக வருகிறது, கொஞ்ச நேரத்தில் அடைத்து வாள் நின்றுவிடுகிறது

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். பக்கத்து வளவுப் பொடியன் ஒருநாள் ஓடி வந்தான். "அண்ணா, மெஷின் செத்துப்போச்சு. எஞ்சின் கத்துது, செயின் அசையுதில்லை." போய்ப் பக்கமூடியைக் கழற்றினேன். உள்ளே தும்பு, தலையணைக்குள் பஞ்சு திணித்த மாதிரி. செயினைச் சுற்றவைக்கும் பற்சக்கரமான ஸ்ப்ரொக்கெட் இருக்கும் இடமே தெரியவில்லை. ஒயிலில் ஊறி, சூட்டில் காய்ந்து, கையால் பிய்க்கவும் வரவில்லை. கொட்டன் தடியால் நோண்டி எடுத்தோம். மெஷின் முதல் இழுப்பிலேயே ஸ்டார்ட் ஆனது.

பாரின் அடிப்பக்கத்தில் செயின் மெஷினை நோக்கி ஓடுகிறது. அறுத்த தும்பு முழுவதையும் மூடிக்குள் இழுத்துவந்து, அதன் அடியிலுள்ள வாயால்தான் கொட்ட வேண்டும். குறுக்கு வெட்டில் வருவது குறுணி, அது உதிர்ந்துவிடும். நீளத் தும்பு உதிராது. ஒன்றோடொன்று சிக்கி, வாயில் ஒரு இழை குறுக்கே நின்றால் போதும், பின்னால் வருவது எல்லாம் அதில் ஏறும்.

மெஷினின் முன்பக்கத்திலுள்ள இரும்பு முள்ளை மரத்தில் குத்தி, உடம்பை ஒட்ட அழுத்திக்கொண்டு அறுப்பது குறுக்கு வெட்டுப் பழக்கம். இங்கே அதுவே வினை, அந்த வாய் அடைபட்டுவிடும். மெஷினுக்கும் குத்தியின் முகத்துக்கும் இடையில் இரண்டு மூன்று விரல் இடைவெளி விடுங்கள். செயின் உங்களை மரத்தை நோக்கி இழுக்கும், ஆகவே முன்கையை நேராக வைத்துக் காலை ஊன்றி நில்லுங்கள். இரண்டாவது, பாரைக் குத்தியின் நீளத்துக்கு நூற்றுக்கு நூறு ஒத்துப் பிடிக்காமல் ஒரு முனையைக் கொஞ்சம் தாழ்த்துங்கள். பத்துப் பதினைந்து பாகை போதும். நாரைச் சற்றே குறுக்காக வெட்டுவதால் தும்பு குட்டையாகும், வேகமும் பெரிதாகக் குறையாது. நான் கைப்பிடியைக் கொஞ்சம் ஏற்றி, கொஞ்சம் இறக்கி, ஊஞ்சல் ஆட்டுவதுபோல ஆட்டிக்கொண்டே இறக்குவேன்.

அப்புறம் அக்சிலேற்றர். மரத்துக்குள் இருக்கும்வரை முழுதாக அமுக்கியே வைத்திருங்கள். தும்பை எறிவது செயினின் வேகம்தான். பாவம் பார்த்து அரைவாசியில் ஓட்டுகிறவர்களுக்குத்தான் அதிகம் அடைக்கும். வெட்டிலிருந்து வெளியே எடுக்கும்போதும் செயின் ஓடிக்கொண்டே வரட்டும்.

சில மெஷின்களில் மூடி ஒடுக்கம், என்ன செய்தாலும் அடைக்கும். அதற்கு ஒவ்வொரு சாண் ஆழத்துக்கும் ஒருமுறை வெளியே இழுத்து ஒரு உறுமல் கொடுங்கள். இடத்தை அகலமாக்குகிறேன் என்று மூடிப்பக்கம் அடியில் இருக்கும் செயின் பிடிக்கொளுவியைக் கழற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். செயின் அறுந்தால் கைக்கு வராமல் தடுப்பது அந்தச் சின்னத் துண்டுதான். அதில் கை வைக்காதீர்கள்.

அடைத்த பிறகும் அக்சிலேற்றரை அமுக்கிப் பிடித்தால் கிளச் வழுக்கி எரியும். ஒரு காரமான மணம் வரும். அந்தச் சூட்டில் ஒயில் பம்பைச் சுற்றும் பிளாஸ்டிக் பற்சக்கரம் உருகிப்போகலாம். அடைத்ததென்றால் எஞ்சினை நிறுத்துங்கள், ஆறவிடுங்கள், கழற்றுங்கள்.

செயின் கழன்று விழுகிறது

மேலே சொன்ன அடைப்பின் தம்பி இவன். ஸ்ப்ரொக்கெட்டுக்கும் செயினுக்கும் இடையில் தும்பு நுழைந்தால் செயின் பாரின் விளிம்பிலுள்ள காடியை (பள்ளத்தை) விட்டு ஏறிவிடும். தொய்வாக இருந்தாலும் அப்படித்தான். பாரின் அடியில் செயின் தொங்கக்கூடாது, கையுறையோடு இழுத்தால் தடையில்லாமல் ஓட வேண்டும்.

கழன்ற செயினை அப்படியே திரும்ப மாட்டாதீர்கள். காடிக்குள் ஓடும் அடிப்பற்களை ஒவ்வொன்றாக விரலால் தடவுங்கள். ஸ்ப்ரொக்கெட் அடித்த இடத்தில் ஊசி முனை மாதிரிப் பிசிர் எழும்பியிருக்கும், காடிக்குள் போகாது. தட்டை அரத்தால் அதைத் தட்டிவிட்டால் சரி. செயினைக் குப்பையில் போட வேண்டியதில்லை.

பார் வெட்டுக்குள் இறுகிவிட்டது

குத்தி உருளாமல் இருக்க இரண்டு பக்கமும் கட்டை முட்டுக் கொடுப்போம். அதை மேலே ஏற்றி, இறுக்கமாக அடித்தால் இரண்டு பாதியையும் அதுவே உள்நோக்கித் தள்ளும், வெட்டு வாயை மூடிக்கொள்ளும். முட்டு தாழ்வாக, தொட்டும் தொடாமல் இருக்கட்டும். குத்தியின் நடு அடிக்குக் கீழே ஒரு தட்டைக் கட்டை வைத்தால் இன்னும் நல்லது. பாதிகள் வெளிப்பக்கம் சாயப் பார்க்கும், வாய் திறக்கும், செயினும் மண்ணைத் தொடாது.

சாண் ஆழம் இறங்கியதும் வெட்டு வாயில் மர ஆப்பையோ பிளாஸ்டிக் ஆப்பையோ செருகுங்கள். இரும்பு ஆப்பு வாளுக்குப் பக்கத்தில் வேண்டாம். இறுகியே விட்டால் எஞ்சினை நிறுத்திவிட்டு ஆப்பை அடித்து வாயைத் திறங்கள். ஓடும் மெஷினைப் பிடித்து ஆட்டினால் பார்தான் வளையும்.

முழுவதும் அறுக்கத் தேவையும் இல்லை. முக்கால்வாசி இறங்கியதும் நிறுத்தி, வாளை எடுத்து வைத்துவிட்டு, மர ஆப்பை வைத்துக் கோடாலிப் பிடங்கால் நாலு போடு போட்டால் மிச்ச நார் படார் என்று விடும். செயின் தரையைத் தொடும் ஆபத்தும் அதோடு போச்சு.

குத்தி உருள்கிறது

பழைய லொறி ரயரின் மேல் குத்தியைப் படுக்க வையுங்கள், அசையாது. முக்கால்வாசியில் நிறுத்துகிறவர்களுக்கு மட்டும்தான் இந்த யோசனை. ரயருக்குள் கம்பி இருக்கிறது.

சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்போடு இந்த வேலை செய்கிறவர்களுக்கு என்ன சொன்னாலும் கேட்க மாட்டார்கள். கால் முட்டி அளவு தும்பு குவிந்திருக்கும், அது சோப்பு மாதிரி வழுக்கும். அவ்வப்போது காலால் ஒதுக்கிவிட்டாவது நில்லுங்கள்.

நேராகத் தொடங்கினால் வில்லாக வளைகிறது

வலப்பக்கம் வளைந்தால் இடப்பக்கப் பற்கள் மழுங்கல் அல்லது குட்டை. இடப்பக்கம் என்றால் மறுதலை. வலது கைக்காரருக்கு ஒரு பக்கம் அரம் அழுத்தமாகப் போகும், மற்றப் பக்கம் தடவிவிடுவோம், அதுதான் காரணம். எல்லாப் பல்லையும் மிகக் குட்டையான பல்லின் அளவுக்குக் கொண்டுவாருங்கள், பிறகு பக்கத்துக்குப் பக்கம் எண்ணி ஒரே அளவு இழுப்பு.

அரம் போட்டும் வளைந்தால் பாரைப் பாருங்கள். செயினை விரலால் பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தால் ஆடும் பல் மாதிரி ஆடினால் காடி தேய்ந்துவிட்டது. அல்லது 1.5 மில்லிமீற்றர் காடிக்குள் 1.3 செயினைப் போட்டிருக்கிறீர்கள். கடையில் நீளத்தை மட்டும் சொல்லி வாங்கினால் இப்படி நடக்கும். ஒவ்வொருமுறை அரம் போடும்போதும் பாரைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினால் தேய்வு இரு பக்கமும் சமனாகும்.

பாரிலிருந்து புகை வருகிறது

பிரேக் போட்டபடி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சிரிக்காதீர்கள், நானும் செய்திருக்கிறேன். அடுத்தது ஒயில். ஒரு காட்போட் மட்டைக்கு நேரே மூக்கைப் பிடித்து உறுமவிடுங்கள். மட்டையில் கோடாக ஒயில் தெறிக்க வேண்டும். தெறிக்காவிட்டால் பாரைக் கழற்றி, அடிப்பகுதியிலுள்ள சின்னத் துளையையும் காடியையும் கம்பியால் குத்தி எடுங்கள். மாக்கூழ் மாதிரித் தூளும் ஒயிலும் சேர்ந்து அடைத்திருக்கும். துளை சுத்தம், ஒயிலும் இருக்கிறது, ஆனாலும் வரவில்லை என்றால் மேலே சொன்ன உருகிய பற்சக்கரமாக இருக்கலாம்.

பாரிலிருந்து அல்லாமல் சைலன்சர் பக்கத்திலிருந்து புகை வந்தால் அது தும்பு. கச்சான் என்னும் வறண்ட காற்று வீசும் மாதங்களில் காய்ந்த தும்பு சைலன்சரில் ஒட்டிக் கருகும். சுடச்சுட மெஷினைத் தும்புக் குவியலின் மேல் வைக்காதீர்கள்.

சூட்டில் நின்றால் திரும்ப ஸ்டார்ட் ஆகாது

ஸ்டார்ட்டர் மூடியின் காற்று வரிகளில் தும்பு ஒட்டி அடைத்திருக்கும், துடையுங்கள். ஏர் ஃபில்டரைத் தட்டுங்கள். நிறுத்தமுன் அரை நிமிடம் சும்மா ஓடவிடுங்கள், பிறகு நிழலில் வையுங்கள். கலவையையும் பாருங்கள்: 50க்கு 1 என்றால் ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 20 மில்லிலீற்றர் ஒயில், 25க்கு 1 என்றால் 40. எது உங்கள் மெஷினுக்கு என்பது மூடியிலோ புத்தகத்திலோ இருக்கும்.

கையும் கழுத்தும் அரிக்கிறது

முதிரை. அதன் தூள் பலருக்குத் தோலில் பட்டால் தடிக்கும். முழுக்கைச் சட்டை போடுங்கள், முடிந்ததும் குளியுங்கள். மெஷினைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

தீப்பொறி பறந்தது, அதற்குப் பிறகு ஒன்றும் வெட்டுவதில்லை

இரும்பு. வேலியோரம் நின்ற மரத்தில் முள்ளுக்கம்பியும் அதை அடித்த ஆணியும் மரத்துக்குள்ளேயே வளர்ந்துபோயிருக்கும். எங்கள் மாவட்டத்தில் இன்னொன்றும் உண்டு. 2006இல் சண்டை நடந்த மூதூர், சம்பூர் பக்கத்து மரம் என்றால் சன்னமும் செல் துண்டும் உள்ளே இருக்கலாம். மேலே பட்டை மூடி, தழும்புகூடத் தெரியாது.

குத்தியின் வெட்டுமுகம் காட்டிக்கொடுக்கும். புதிதாக வெட்டிய முகத்தைத் தண்ணீர் தெளித்துத் துடைத்துப் பாருங்கள். மரத்தின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கருநீலக் கறை விழும், பேனா மை சிந்தி ஊறிய மாதிரி. கறை நார்வாக்கில் நீளமாக ஓடும். ஒரு முகத்தில் சின்னப் பொட்டாகத் தெரிந்தாலும் இரும்பு உள்ளே ஒரு சாண் தள்ளி இருக்கக்கூடும். ஒரு புளியங்குத்தியில் விரல் நுனி அளவு கறையைப் பார்த்தும் "பரவாயில்லை" என்று வைத்தேன். பொறி பறந்தது. பதினொரு பல் மூக்கறுந்து போனது. பிளந்து பார்த்தால் ஈயமும் செம்பும் கலந்த ஒரு துண்டு, பக்கத்தில் துருப்பிடித்த இன்னொன்று, சுற்றிலும் மரம் கருந்திராட்சை நிறத்தில்.

பொறி பார்த்தால் உடனே எடுங்கள். அந்த வெட்டைத் தொடராதீர்கள். குத்தியைத் திருப்பி, கறையிலிருந்து நாலு விரல் தள்ளி வேறு கோடு போடுங்கள். சேதமான பல்லின் முனை முழுதாகப் போகும்வரை அரம் போட வேண்டும், நாலு இழுப்பில் தீராது.

உப்புவெளி வேம்பிலும் அதையேதான் செய்தேன். இறுகி நின்ற ஆப்புக்குக் கிட்டப் போகவே இல்லை. ஆப்பு போன திசைக்குக் குறுக்காகக் கோடு போட்டால் அது வாளின் வழியில் வந்துவிடும், ஆகவே அதற்கு ஒத்த கோட்டில், ஒரு சாண் தள்ளி முக்கால்வாசிக்கு இறக்கினேன். மர ஆப்பை வைத்து மூன்றாவது அடியில் குத்தி விட்டது. அடுத்த வெட்டு ஆப்பின் மற்றப் பக்கம். நடுவில் மிஞ்சிய துண்டைக் கோடாலியால் ஒரு தட்டுத் தட்டினதும் ஆப்பு தானாகக் கழன்று தும்புக்குள் விழுந்தது. வீட்டுக்காரர் அதைத் தேடி எடுக்கத்தான் கொஞ்ச நேரம் பிடித்தது.